இரவெல்லாம் சார்ஜில் கிடக்கும் கைபேசி: பேட்டரி தேய்வது எதனால்?

கைபேசி நிறுவனங்கள் சில ஆண்டுகளாகத் தங்கள் மென்பொருளில் சேர்த்துவரும் ஒரு வசதி, பலருடைய சந்தேகத்தைத் தீர்ப்பதற்கு மாறாகக் கூட்டியிருக்கிறது. இரவு பத்து மணிக்குச் சார்ஜில் போட்ட கைபேசியை அதிகாலை மூன்று மணிக்கு எடுத்துப் பார்த்தால், அது 80 சதவீதத்திலேயே நிற்கிறது. சார்ஜர் பழுதாகிவிட்டதென்று நினைத்துப் புதிது வாங்குபவர்கள் உண்டு. பேட்டரி போய்விட்டதென்று பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் செல்பவர்களும் உண்டு. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால், பேட்டரியைப் பாதுகாக்க 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் தெரிவு ஒன்று அங்கே இருக்கிறது. உடனே எழும் கேள்வி நியாயமானது: 100 வரை ஏற்றுவது கெடுதல் என்றால் நிறுவனமே அதை ஏன் அனுமதிக்கிறது? கெடுதல் இல்லையென்றால் இந்தத் தெரிவு எதற்காக?

விடை காண, இரண்டு கேள்விகளை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இரவு முழுக்கச் சார்ஜில் விட்டால் பேட்டரி வெடிக்குமா என்பது ஒன்று. அது பாதுகாப்பைப் பற்றியது. அப்படி விட்டால் பேட்டரியின் ஆயுள் குறையுமா என்பது மற்றொன்று. அது தேய்மானத்தைப் பற்றியது. நம் வீடுகளில் இவை இரண்டும் ஒரே அச்சமாகக் கலந்து கிடக்கின்றன. கைபேசி பழுதில்லாமலும் சார்ஜர் தரமாகவும் இருக்கும்வரை, முதல் கேள்விக்கு ‘வெடிக்காது’ என்று சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு விடை ‘குறையும், ஆனால் மெதுவாக’ என்பதே. அந்த மெதுவான கேட்டுக்கு, சார்ஜர் எத்தனை மணி நேரம் செருகியிருந்தது என்பதைவிட, பேட்டரி எத்தனை மணி நேரம் நிறைந்த நிலையிலும் சூடான நிலையிலும் இருந்தது என்பதே காரணம்.

## அச்சம் எங்கிருந்து வந்தது

2007 ஆகஸ்டில் நோக்கியா நிறுவனம், மட்சுஷிட்டா நிறுவனம் தயாரித்துக் கொடுத்த பி.எல்.-5சி வகை பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தது. சார்ஜ் ஏறும்போது உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டு அவை அளவுக்கு மீறிச் சூடாகக்கூடும் என்பதே அதன் சாரம். இந்தியாவில் அன்று எங்கு பார்த்தாலும் நோக்கியா கைபேசிதான் என்பதால், பின்மூடியைக் கழற்றி பேட்டரியின் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளும் பரபரப்பு நாடு முழுக்கப் பரவியது. ‘சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதே’ என்ற எச்சரிக்கை நம் வீடுகளில் வேரூன்றியதில் அந்தச் சில வாரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

2016இல் கேலக்ஸி நோட் 7 கைபேசிகள் சில தீப்பற்றியதால் சாம்சங் நிறுவனம் அந்த வகையையே விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றபோது அந்த அச்சம் மறுபடியும் உறுதிப்பட்டது. ஆனால் 2017 ஜனவரியில் வெளியிடப்பட்ட ஆய்வு முடிவு வேறு விதமாக இருந்தது. ஒரு நிறுவனம் தந்த பேட்டரிகளில் உள்ளிருக்கும் தகடு மேல் மூலையில் வளைந்து நெருக்குண்டிருந்தது. இன்னொரு நிறுவனம் தந்தவற்றில் பற்றவைப்பின்போது உண்டான பிசிறுகள் உட்புறத்தைக் குத்தின. இரண்டுமே தொழிற்சாலையில் நேர்ந்த குறைகள். வாங்கியவர் எத்தனை மணிக்குச் சார்ஜில் போட்டார், எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

சார்ஜை முழுக்க இறக்கிவிட்டுத்தான் மறுபடியும் ஏற்ற வேண்டும் என்ற அறிவுரை இன்னும் பழையது. நிக்கல்-காட்மியம் பேட்டரிகளைப் பாதியில் சார்ஜ் செய்தால் அவற்றின் கொள்ளளவு குறைவதுபோன்ற விளைவு இருந்தது; அந்தக் காலத்துக்கு அது சரியான அறிவுரை. இன்றைய பேட்டரியை நாள்தோறும் அடிமட்டம் வரை இறக்குவது அதற்குத் தீங்குதான் செய்யும்.

## பேட்டரியின் அடிப்படை

இன்றைய கைபேசிகளில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991இல் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளமிட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

உள்ளே நான்கு பொருள்கள் முக்கியமானவை. அலுமினியத் தாளின்மேல் பூசப்பட்ட லித்தியம் கோபால்ட் ஆக்சைடு நேர்முனை. செப்புத் தாளின்மேல் பூசப்பட்ட கிராஃபைட் எதிர்முனை. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் காக்கும் நுண்துளைகள் கொண்ட பிளாஸ்டிக் படலம், அதாவது பிரிப்பான். இவை எல்லாவற்றையும் நனைத்திருக்கும் மின்பகுளித் திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிளம்பி, மின்பகுளியைக் கடந்து, கிராஃபைட் அடுக்குகளுக்கு இடையில் போய் அமர்கின்றன. கைபேசியைப் பயன்படுத்தும்போது வந்த வழியே திரும்புகின்றன. பேட்டரி எவ்வளவு தாங்கும் என்பது, இப்படிப் போய்வரும் லித்தியம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மேலே படிப்பதற்கு மூன்று சொற்கள் தேவைப்படும்.

1. மின்னழுத்தம். பேட்டரி எவ்வளவு நிறைந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் மின்னழுத்தம் உயரும். கைபேசி பேட்டரி காலியாகும்போது ஏறத்தாழ 3.3 வோல்ட்டுக்கும், நிறையும்போது வகையைப் பொறுத்து 4.2 முதல் 4.5 வோல்ட்டுக்கும் வரும்.

2. கொள்ளளவு. மில்லி ஆம்பியர்-மணி என்ற அளவில் சொல்லப்படுவது. 5,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரியின் சராசரி மின்னழுத்தம் 3.85 வோல்ட் என்றால், அதில் அடங்கும் ஆற்றல் சுமார் 19 வாட்-மணி.

3. சுழற்சி. மொத்தமாக 100 சதவீத அளவுக்குச் சார்ஜைச் செலவழித்தால் ஒரு சுழற்சி. இன்று 60 சதவீதமும் நாளை 40 சதவீதமும் செலவழித்தால் இரண்டு நாளும் சேர்ந்து ஒரே சுழற்சிதான். எத்தனை முறை வயரைச் செருகினோம் என்பது இந்தக் கணக்கில் வராது.

## நூறைத் தொட்ட பிறகு என்ன நடக்கிறது

சுவரில் செருகும் பொருளை நாம் சார்ஜர் என்று அழைத்தாலும், அது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 5 அல்லது 9 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தரும் அடாப்டர் மட்டுமே. எவ்வளவு எடுப்பது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யும் சார்ஜ் கட்டுப்பாட்டுச் சில்லு கைபேசிக்குள்ளேயே இருக்கிறது. 67 வாட் அடாப்டரில் 15 வாட் கைபேசியைச் செருகினாலும் அது தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்வது இதனால்தான்.

அந்தச் சில்லு இரண்டு கட்டங்களாகச் சார்ஜ் ஏற்றுகிறது. முதற்கட்டத்தில் மின்னோட்டம் ஏறத்தாழ நிலையாக வைக்கப்படுகிறது. பேட்டரியின் மின்னழுத்தம் படிப்படியாக ஏறுகிறது. குறிப்பிட்ட உச்சவரம்பைத் தொட்டதும் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. இப்போது மின்னழுத்தம் அதே அளவில் நிறுத்தப்படுகிறது. மின்னோட்டம் குறைந்துகொண்டே வருகிறது. பாதிவரை விறுவிறுவென்று ஏறும் கைபேசி, கடைசி இருபது சதவீதத்துக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதற்கு இதுவே காரணம். மின்னோட்டம் சில நூறு மில்லி ஆம்பியர் அளவுக்கு இறங்கியதும் சில்லு சார்ஜை நிறுத்திவிடுகிறது. அதற்குமேல் விடிய விடியச் செருகியிருந்தாலும் பேட்டரிக்குள் மின்சாரம் திணிக்கப்படுவதில்லை.

நின்றபின் கைபேசி இயங்குவதற்குத் தேவையான மின்சாரம் பெரும்பாலும் அடாப்டரிலிருந்தே நேரடியாகப் போகிறது. பேட்டரி தானாகக் கொஞ்சம் இறங்கும்போது மறுபடியும் சிறிதளவு ஏற்றப்படுகிறது. சாம்சங் கைபேசிகளில் 2024இல் வந்த பேட்டரிப் பாதுகாப்பு வசதியின் அடிப்படை நிலையில், 100ஐத் தொட்டதும் சார்ஜ் நின்று, 95க்கு இறங்கிய பிறகே மீண்டும் தொடங்குகிறது.

கட்டுப்பாட்டுச் சில்லு தவறினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்காக, அதற்கு அடுத்த காவல்களையும் சொல்ல வேண்டும்.

1. பேட்டரியைக் கைபேசியிலிருந்து வெளியே எடுத்தால், அதன் தலைப்பகுதியில் மஞ்சள் ஒட்டுநாடாவுக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்கும் குறைவான சிறு மின்சுற்றுப் பலகை தெரியும். மின்னழுத்தம் வரம்பை மீறினாலோ, மிகவும் கீழே போனாலோ, மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சினாலோ பேட்டரியைத் தனியே துண்டித்துவிடுவது இதன் வேலை. கைபேசியின் மென்பொருளை இது கேட்பதில்லை, தானே முடிவெடுக்கும்.

2. வெப்பத்தை அளக்கும் உணரி ஒன்று பேட்டரியோடு ஒட்டியிருக்கும். ஜப்பானியத் தொழில் அமைப்புகள் 2007இல் வகுத்த வழிகாட்டுதல்களை ஒட்டி, பேட்டரி 45 டிகிரி செல்சியஸ் அளவைத் தாண்டும்போது சார்ஜ் குறைக்கப்படும். மேலும் ஏறினால் நிறுத்தப்படும். உறைநிலைக்குக் கீழேயும் அப்படியே. குளிர்காலத்தில் டொராண்டோவில் காருக்குள் கிடந்த கைபேசி சார்ஜ் ஏற மறுப்பதும், சித்திரை வெயிலில் மதுரையில் பைக்கில் மாட்டிய கைபேசி சார்ஜை நிறுத்திக்கொள்வதும் இந்த ஒரே ஏற்பாட்டின் இரண்டு முனைகள்.

இத்தனையும் தவறினால்தான் அதிக சார்ஜ் என்ற நிலை வரும். ஆகவே ‘நூறு ஆனதும் எடுக்காவிட்டால் பேட்டரி நிரம்பி வழிந்து வெடிக்கும்’ என்று பயந்து நடுராத்திரியில் அலாரம் வைத்து எழ வேண்டிய தேவையே இல்லை.

## 100 சதவீதம் என்பது யார் போட்ட கோடு

இந்தப் பகுதிதான் பெரும்பாலும் விளக்கப்படாமல் போகிறது. திரையில் தெரியும் 100, பேட்டரிக்குள் இயற்கையாக அமைந்த எல்லை அன்று. தயாரிப்பாளர் தேர்ந்தெடுத்த ஒரு மின்னழுத்தத்துக்கு அவர் வைத்த பெயர்.

லித்தியம் கோபால்ட் ஆக்சைடை 4.2 வோல்ட் வரை சார்ஜ் செய்தால், அதிலிருக்கும் லித்தியத்தில் ஏறத்தாழ பாதிதான் வெளியேறுகிறது. மீதிப் பாதி அங்கேயே இருந்து படிக அமைப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. தொடக்க காலக் கைபேசிகள் இந்த 4.2 வோல்ட்டோடு நின்றன. அதே பருமனில் இன்னும் அதிக ஆற்றல் வேண்டும் என்ற போட்டியில், இந்த வரம்பு 4.35, 4.4, 4.45 வோல்ட் என்று நகர்ந்தது. ஒவ்வொரு நகர்விலும் இன்னும் கொஞ்சம் லித்தியம் வெளியே எடுக்கப்படுகிறது. தாங்கிப் பிடிக்க மீதமிருப்பது குறைகிறது. இதை ஈடுசெய்யப் பூச்சுகளும் மின்பகுளிச் சேர்மானங்களும் மேம்படுத்தப்பட்டுள்ளன என்பது உண்மை. ஆனாலும் உச்சத்தில் இருக்கும் பேட்டரி, வேதியியல் நோக்கில், மிகவும் அமைதியற்ற நிலையில் இருக்கிறது.

எனவே 80 சதவீதத்தில் நிறுத்துவது என்பது, தயாரிப்பாளர் போட்ட கோட்டைச் சற்றுக் கீழே இறக்கிக்கொள்வதுதான். விளம்பரத்தில் அச்சிடப்படும் மில்லி ஆம்பியர்-மணிக்காகக் கோட்டை மேலே ஏற்றிய அதே நிறுவனங்கள், வேண்டுபவர்கள் அதைக் கீழே இறக்கிக்கொள்ளட்டும் என்று தெரிவை நம் கையில் கொடுத்திருக்கின்றன. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இரண்டு செய்திகளும் இங்கே இணைகின்றன: 100 பாதுகாப்பானது, ஆனால் ஆயுளுக்கு ஏற்றது அதற்குக் கீழே.

## தேய்மானம் எப்படி நடக்கிறது

பேட்டரி முதன்முதலாகச் சார்ஜ் ஆகும்போதே, கிராஃபைட்டின் மேற்பரப்பில் மின்பகுளி சிறிது சிதைந்து ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. இந்தப் படலம் தேவையானது; மின்பகுளி மேலும் சிதையாமல் தடுப்பது இதுவே. ஆனால் இது அத்துடன் நிற்பதில்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தடித்துக்கொண்டே போகிறது. தடிக்கும் ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்சம் லித்தியம் சிறைப்படுகிறது; அது இனி எந்தப் பக்கமும் போய்வராது. புதிதில் ஒரு நாள் முழுக்க வந்த கைபேசி இரண்டு ஆண்டுகள் கழித்து மாலை நான்கு மணிக்கே சார்ஜ் கேட்பதற்கு முதற்காரணம் இந்த இழப்பு.

கிராஃபைட் லித்தியத்தால் நிறைந்திருக்கும்போது இந்தப் படலம் வேகமாக வளர்கிறது. மறுபுறம், மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது நேர்முனையின் மேற்பரப்பில் மின்பகுளி ஆக்சிஜனேற்றம் அடைந்து சிதைகிறது. அதன்போது வாயுக்கள் உண்டாகின்றன. ‘பேட்டரி உப்பிவிட்டது’ என்று கடையில் சொல்வது, இந்த வாயு மெல்லிய அலுமினிய உறைக்குள் சேர்ந்து அதைத் தலையணைபோல் ஊத வைப்பதையே. இரண்டு வினைகளுக்கும் கைபேசியை நாம் கையில் எடுத்துப் பயன்படுத்த வேண்டிய அவசியமில்லை. நிறைந்த பேட்டரி சும்மா கிடந்தாலும் அவை நடக்கும். பயன்பாட்டால் வரும் தேய்மானம் சுழற்சித் தேய்மானம் எனப்படும். சும்மா இருக்கையில் வருவது காலத் தேய்மானம். இரவு சார்ஜ் தொடர்பான விவாதம் முழுக்க இரண்டாவதைச் சேர்ந்தது.

இதன் அளவை அறிய, கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் வெளியிட்டு உலகெங்கும் எடுத்தாளப்படும் ஓர் அட்டவணை உதவும். லித்தியம் அயனி பேட்டரியை ஓராண்டு வெறுமனே வைத்திருந்தால் எவ்வளவு கொள்ளளவு மீளும் என்பதை அது சொல்கிறது. 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜோடு வைத்தால் 96 சதவீதம் மீள்கிறது. முழு சார்ஜோடு வைத்தால் 80 சதவீதம்தான். 40 டிகிரியில் இவை முறையே 85, 65 சதவீதம். ஒவ்வொரு பேட்டரி வகைக்கும் எண்கள் மாறும் என்பதால் இவற்றை அப்படியே நம் கைபேசிக்குப் பொருத்தக்கூடாது. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது: நிறைவும் வெப்பமும் தனித்தனியே கெடுப்பதைவிடச் சேர்ந்து மிகுதியாகக் கெடுக்கின்றன.

இதை ஒரு வீட்டு இரவுக்குப் பொருத்திப் பார்க்கலாம். பதினொரு மணிக்கு 30 சதவீதத்தில் சார்ஜில் போடப்படும் கைபேசி, இன்றைய விரைவு அடாப்டரில் ஒரு மணி நேரத்தில் நிறைந்துவிடுகிறது. ஆறரைக்கு எடுக்கப்படும்வரை ஆறரை மணி நேரம் அது உச்ச மின்னழுத்தத்திலேயே கிடக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மணி நேரம். அதாவது ஆண்டின் கால் பங்குக்கும் மேல். இதனால் பேட்டரி ஒரே மாதத்தில் கெடாது. மூன்றாண்டு வர வேண்டியது இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் தளரக்கூடும் என்ற அளவிலான வேறுபாடு இது. ஆண்டுதோறும் கைபேசி மாற்றுபவர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மாதத் தவணையில் வாங்கி நான்கைந்து ஆண்டு ஓட்ட நினைப்பவருக்கு இது கணக்கில் வர வேண்டிய வேறுபாடு.

## நம் ஊரில் வெப்பமே பெரிய எதிரி

ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளுக்கு ஏற்ற சூழல் வெப்பம் 16 முதல் 22 டிகிரி என்றும், 35 டிகிரிக்கு மேல் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையக்கூடும் என்றும் அறிவுறுத்துகிறது. கத்திரி வெயில் நாட்களில் சென்னையின் இரவு வெப்பம் 28, 29 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு; மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் இரவு முழுக்க அனலைக் கக்கும். அந்த அறையில், மெத்தையின்மேல், தடித்த ரப்பர் உறையோடு, விரைவு அடாப்டரில் சார்ஜ் ஏறும் கைபேசியின் பேட்டரி 40 டிகிரியை எளிதில் தொடும்.

வேதிவினைகளின் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்ற பொதுவிதி இங்கேயும் தோராயமாகப் பொருந்தும். அதனால், 80இல் நிறுத்தலாமா 90இல் நிறுத்தலாமா என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, கைபேசியை மெத்தையிலிருந்து எடுத்து மேசையிலோ மொசைக் தரையிலோ வைப்பது அதிகப் பயன் தரும் என்பதே என் உறுதியான கருத்து. வயரில்லா சார்ஜ் தட்டுகளில் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகவே வீணாவதால், கோடை இரவுகளுக்கு வயரே மேல்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரவு சார்ஜைக் குறைசொல்லும் பலர், நண்பகல் வெயிலில் காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் கைபேசியை மாட்டி, வழிகாட்டும் வரைபடத்தையும் ஓடவிட்டு, சார்ஜும் ஏற்றுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரம் பேட்டரிக்குச் செய்யும் கேடு, குளிர்ந்த அறையில் கழியும் பல இரவுகளைவிட மோசமானது.

## கைபேசியே செய்துகொள்ளும் ஏற்பாடுகள்

2019இல் ஐ.ஓ.எஸ். 13 இயங்குதளம் வழியாக ஐபோன்களில் வந்த வசதி, உரிமையாளரின் வழக்கத்தைக் கற்று, 80 சதவீதத்தில் காத்திருந்து, அவர் எழும் நேரத்தை ஒட்டி மீதியை ஏற்றுகிறது. 2020 இறுதியில் கூகுள் பிக்சல் கைபேசிகளுக்கு வந்த தகவமைப்பு சார்ஜ், காலை அலாரத்தைப் பார்த்து அதே வேலையைச் செய்தது. 2023இல் ஐபோன் 15 வரிசை முதல் 80 சதவீத நிரந்தர வரம்பும் வந்தது. மறு ஆண்டு அது 80 முதல் 100 வரை ஐந்தைந்தாகத் தேர்ந்தெடுக்கும்படி விரிந்தது. சாம்சங்கில் தூக்க நேரத்தை ஊகிக்கும் நிலையும், 80இல் நிறுத்தும் நிலையும் தனித்தனியே உள்ளன.

இவற்றைப் பற்றி அடிக்கடி எழும் ஐயங்கள் இரண்டு.

முதலாவது, வசதி இயக்கத்தில் இருந்தும் அது வேலை செய்யவில்லை என்பது. வழக்கத்தைக் கற்கும் ஏற்பாட்டுக்கு ஒரு வழக்கம் வேண்டும். ஐபோனுக்குக் குறைந்தது 14 நாட்களும், அதற்குள் ஒரே இடத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீடித்த ஒன்பது சார்ஜ்களும் தேவை என்று ஆப்பிள் கூறுகிறது. ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறுகிறவரின் கைபேசி எதைக் கற்றுக்கொள்ள முடியும்? அவருக்குக் கற்கும் ஏற்பாட்டைவிட நிரந்தர வரம்பே பொருந்தும்.

இரண்டாவது, 80 என்று வரம்பு வைத்திருந்தும் எப்போதாவது 100 வரை ஏறிவிடுகிறது என்பது. இது பழுதன்று. பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கைபேசி நேரடியாக அளப்பதில்லை. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்து மதிப்பிடுகிறது. அந்த மதிப்பீடு நாளடைவில் பிசகும் என்பதால், அவ்வப்போது முழுவதும் ஏற்றிச் சரிசெய்துகொள்கிறது.

எல்லோரும் 80இல் நிறுத்த வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவு போய்விடக்கூடாது என்பதற்காக, இன்றே நாள்தோறும் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது எல்லோருக்கும் ஆதாயமாகாது. நாள் முழுக்கத் தெருவில் இருக்கும் உணவு விநியோகப் பணியாளருக்கும், இரவுப் பேருந்தில் பயணம் செய்பவருக்கும் 100 தேவை. அவர்கள் தயங்காமல் ஏற்றலாம். மேசைக்குப் பக்கத்திலேயே பிளக் இருக்கும் அலுவலகப் பணியாளருக்கு வரம்பு வைப்பதில் எந்த இழப்பும் இல்லை.

ஆயுள் குறித்த எதிர்பார்ப்பும் மாறிவருகிறது. ஐபோன் 14 வரையிலான பேட்டரிகள் 500 சுழற்சிக்குப் பின் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும் என்று கூறிய ஆப்பிள், ஐபோன் 15 முதல் அதை 1,000 சுழற்சி என்கிறது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சந்தைக்கு வரும் கைபேசிகள் 800 சுழற்சிக்குப் பின்னும் 80 சதவீதம் தாங்கியாக வேண்டும் என்பது விதி. நாளொன்றுக்கு 70 சதவீதம் செலவழிப்பவருக்கு ஆண்டுக்குச் சுமார் 255 சுழற்சி ஆகும் என்று வைத்துப் பார்த்தால், பழைய 500 என்பது இரண்டே ஆண்டு. 800 என்பது மூன்றாண்டுக்கும் மேல்.

## இரவில் சார்ஜ் போடுவதானால்

1. விரைவு அடாப்டரைப் பகலுக்கு வைத்துக்கொண்டு, இரவுக்குப் பழைய 5 அல்லது 10 வாட் அடாப்டரைப் பயன்படுத்துவது நல்லது. 5 வாட்டில் நிறைவதற்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சூடும் குறைவு, நிறைந்த நிலையில் கிடக்கும் நேரமும் பாதியாகிறது. தனியே எந்த வசதியும் இல்லாத விலை குறைந்த கைபேசிக்கும் இது பொருந்தும்.

2. மெத்தை, தலையணை, போர்வை ஆகியவற்றின்மேல் வேண்டாம். தலையணைக்கு அடியில் ஒருபோதும் வேண்டாம். அங்கே வெப்பம் வெளியேற வழியே இல்லை.

3. சார்ஜில் இருக்கும்போது ஹாட்ஸ்பாட்டையும் பெரிய பதிவிறக்கங்களையும் இரவு முழுக்க ஓடவிடுவதைத் தவிர்க்கலாம்.

4. நீண்ட நாள் பயன்படுத்தாமல் வைக்கும் பழைய கைபேசியைப் பாதி சார்ஜில் அணைத்து வைக்க வேண்டும். முழுக்க ஏற்றி வைத்தால் கொள்ளளவு குறையும்; முழுக்க இறக்கி வைத்தால், எடுக்கும்போது பேட்டரி செத்துப்போயிருக்கக்கூடும்.

## உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது

இரவு சார்ஜில் உயிருக்கு ஆபத்து என்று ஒன்று இருக்குமானால், அதைப் பேட்டரியின் சதவீதத்தைவிட அடாப்டரிலும் வயரிலும் தேடுவதே பொருத்தம். தரமான அடாப்டருக்குள் 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே போதிய இடைவெளியும் காப்பும் இருக்கும். நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் டூப்ளிகேட் அடாப்டர்களில் செலவைக் குறைக்க முதலில் கைவைக்கப்படுவது இந்த இடத்தில்தான். காப்பு விட்டுப்போனால் வீட்டு மின்சாரம் நேரே கைபேசிக்கு வரும். கையில் பிடித்திருப்பவருக்கும், காதில் வயர் மாட்டியிருப்பவருக்கும் அது பாயும். இந்தியாவில் விற்கப்படும் அடாப்டரின்மேல் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால் யார் பெயரில் எந்தப் பொருளுக்குப் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். அச்சிட்ட எண் பொய்யாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

முனையில் தோல் உரிந்து உள்கம்பி தெரியும் வயரும், செருகியவுடன் ஆடும் பிளக் பாயின்டும், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கூலரோடு சேர்த்து மாட்டிய அடாப்டரும் இதே வகை ஆபத்துகள். அடாப்டர் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. தொட முடியாத அளவுக்குச் சுட்டால் அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

உப்பிய பேட்டரி மட்டும் இந்த எல்லா ஆறுதல்களுக்கும் விலக்கு. கைபேசியைச் சமதளத்தில் வைத்துச் சுழற்றினால் பம்பரம்போல் சுற்றுவது, திரையின் ஓரம் சட்டத்திலிருந்து நகக்கண் அளவு எழும்பி உள்ளிருந்து வெளிச்சம் கசிவது, பின்மூடி ஒரு பக்கம் விலகி நிற்பது ஆகியவை அதன் அறிகுறிகள். அப்படிப்பட்ட கைபேசியை இரவில் மட்டுமல்ல, பகலிலும் சார்ஜில் போடக்கூடாது. எழும்பிய திரையை அழுத்தி ஒட்டவைக்க முயல்வதும், வாயுவை வெளியேற்றலாம் என்று ஊசியால் குத்துவதும் பிரிப்பானைக் கிழித்து நெருப்பில் முடியும். அணைத்துவிட்டு, எரியும் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, பேட்டரி மாற்றும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட்டால், குப்பை வண்டியில் நசுங்கும்போது தீப்பற்றக்கூடும். இந்தியாவின் 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது; ஆகவே நிறுவனத்தின் சேவை மையத்திலோ மின்கழிவு சேகரிப்பு மையத்திலோ அதை ஒப்படைக்கலாம்.